தேனி டு மதுரை: ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் போன ஊரை, ஒருநாள் தலைநகரமாகச் சுற்றிப் பார்க்கலாமா?

கம்பத்திலோ போடியிலோ யாரையாவது நிறுத்தி, "மதுரைக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டுப்பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மதுரைக்குப் போகாத ஆள் நம்ம பக்கம் உண்டா? பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். கல்யாண ஜவுளி எடுக்க, நகை மாற்ற, ஹைகோர்ட் கிளையில் வாய்தாவுக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளையை ஏர்போர்ட்டில் அழைக்கப் போயிருப்பார்கள். 1996-ல் தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரை கலெக்டரைப் பார்க்கக்கூட அங்கேதான் போக வேண்டியிருந்தது.

சரி, மதுரையைப் பார்த்திருக்கிறீர்களா? "மீனாட்சி கோயிலுக்குப் போனோம், வரும்போது மஹாலை எட்டிப் பார்த்தோம், வெயில் தாங்கலை, வந்துட்டோம்." பெரும்பாலும் இதுதான் பதில். பாண்டியர்களும் நாயக்கர்களும் உட்கார்ந்து ஆண்ட ஒரு தலைநகரம், பள்ளத்தாக்கிலிருந்து ரெண்டு மூணு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. தஞ்சாவூருக்கும் ஹம்பிக்கும் பிளான் போடுகிற நாம், இதை மட்டும் வேலையாகப் போகிற ஊராகவே வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தத் தலைநகரின் கதையில் பாதி நம்ம பள்ளத்தாக்கில்தான் கிடக்கிறது. மதுரையில் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் இல்லையா? பாண்டியர்கள் மதுரையில் சங்கம் நிறுவியதையும், மகாபாரதத்தைத் தமிழில் செய்ய வைத்ததையும் பாண்டிய அரசனே தன் வாயால் சொல்லும் செப்பேடு சின்னமனூரில்தான் கிடைத்தது. 10-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பாண்டியன் வெளியிட்டது. 'சின்னமனூர்ச் செப்பேடு' என்று வரலாற்றுப் புத்தகங்களில் பெயர் இருக்கும். சின்னமனூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். ஆண்டிபட்டிப் பக்கம், வைகைக் கரையில் இருக்கும் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் இன்னும் பழையவை, 2,000 ஆண்டுக்கும் மேல். அதில் ஒரு கல், கூடலூர் என்ற ஊரில் நடந்த ஆநிரைப் போரில் செத்தவனுக்காக நட்டது.

ஆகவே, இந்த வாரக்கடைசியில் விருந்தாளியாக இல்லாமல், பங்காளியாக மதுரைக்குப் போய் வரலாம். ஒரு முழுநாள் போதும். வரிசை மட்டும் முக்கியம்.

எப்படிப் போவது?

ரயில் என்று யோசிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 1928-ல் ஓட ஆரம்பித்த மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. அதன்பிறகு ரயிலை நாம் பார்த்தது 2022 மே மாதம், அதுவும் தேனி வரைதான். போடிக்கு 2023 ஜூனில் வந்தது. சேவை தொடங்கியபோது, காலையில் மதுரையிலிருந்து கிளம்பி வந்து மாலையில் திரும்பும் விதமாகத்தான் பாசஞ்சர் நேரத்தை வைத்தார்கள். மதுரைக்காரர் வைகை அணையைப் பார்க்க வர சௌகரியம். நாம் மதுரையைப் பார்க்கப் போவதற்கு உதவாது. இப்போதைய நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பஸ்தான் நமக்குத் தோது. தேனியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். கம்பத்திலிருந்து என்றால் ஒரு மணி நேரம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை 5 மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டால் நாள் உங்கள் கையில். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது விடிந்திருக்கும்.

ஊருக்குள் நுழையும் முன் ஒரு மலை

உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி பஸ் நாகமலை புதுக்கோட்டையை நெருங்கும்போது எல்லோரும் தூக்கம் கலைந்து பையைத் தேடுவார்கள். நீங்கள் இங்கேயே இறங்கிவிடுங்கள். ஒரு ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் கீழக்குயில்குடி. ஒரே பாறையாகப் படுத்திருக்கும் சமணர் மலை, அடிவாரத்தில் அய்யனார் கோயில், பக்கத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம். காலை 7 மணிக்கு இந்த இடம் இருக்கிற அமைதிக்கே ஒரு டிக்கெட் போடலாம். ஆனால் கட்டணம் எதுவும் கிடையாது.

மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகையின் வெளியே பெரிய மகாவீரர் சிற்பம். ஊர் மக்கள் காது நீண்ட அவரைப் பார்த்து 'செட்டியார்' என்று முடிவுகட்டி, குகைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் படியேறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சின்னச் சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துகள். 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. செய்வித்தவர் யார், எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்ற விவரம் அந்த எழுத்துகளில் இருக்கிறது.

தலைநகரைப் பார்க்கக் கிளம்பியவர்களை ஏன் முதலில் மலையில் ஏற்றுகிறேன் என்று கேட்கலாம். பழைய தலைநகரங்கள் கோட்டைச் சுவரோடு முடிவதில்லை. அரண்மனையும் சந்தையும் உள்ளே இருக்கும். துறவிகளும் மடங்களும் கல்விக்கூடங்களும் ஊருக்கு வெளியே, வணிகப் பாதைகளை ஒட்டி இருக்கும். மதுரையைச் சுற்றி இப்படிச் சமண மலைகள் ஏராளம். மாங்குளம், ஆனைமலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை, கொங்கர்புளியங்குளம் என்று வளையமாக நிற்கின்றன. மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயரே இருக்கிறது. மேற்கே மலைநாட்டிலிருந்து மிளகு வந்த பாதையில் இருக்கும் நமக்கு, இந்த வளையத்துக்குள் நுழையும் வாசல்தான் கீழக்குயில்குடி. மலையிலிருந்து பார்த்தால் கிழக்கே நகரம் தெரியும். வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். பாறை சுட ஆரம்பித்தால் செருப்பும் காப்பாற்றாது.

வீதியைப் படிக்கத் தெரிந்தால் போதும்

நம்ம பஸ்கள் போய் நிற்பது ஆரப்பாளையம். அதன் பக்கத்திலேயே இருக்கிற புட்டுத்தோப்பைத் தெரியுமா? வைகையில் வெள்ளம் வந்து கரை உடைய, வீட்டுக்கு ஒருவர் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட, வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் வாங்கினாரே, அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் இடம். ஒவ்வொரு ஆவணி மூலத்துக்கும் சுவாமி இங்கே எழுந்தருள்வார். இங்கே ஒரு கணம் நின்று யோசியுங்கள். அந்த வெள்ளம் எங்கே இருந்து வந்திருக்கும்? வருசநாட்டு மலையில் அடித்த மழைதான்.

இங்கிருந்து டவுனுக்குள் போனால், மதுரையைப் பிடிக்க ஒரே சாவிதான். வீதிப் பெயர்கள். கோயிலை நடுவில் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் போட்டதுபோல் வீதிகள். கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. வெளி வீதியைத் தவிர எல்லாம் மாதத்தின் பெயர்கள். எந்த மாதத் திருவிழாவுக்குச் சுவாமி எந்த வீதியில் வலம் வந்தாரோ, அந்தப் பெயர் அந்த வீதிக்கு. காலண்டரைத் தரையில் வரைந்து, அதன்மேல் ஊரைக் கட்டியதுபோல.

இப்போது ஒரு குழப்பம் வரும், வரவேண்டும். சித்திரைத் திருவிழாத் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில்! சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடவில்லை? மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில்தான் நடந்தன. திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. பெரிய தேருக்கு மாசி மாதம் ஆள் கிடைக்கவில்லை, அறுவடை நேரம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். அதோடு, தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த கள்ளழகரையும் மதுரைக்குத் திருப்பி, சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் ஒரே வாரத்தில் கோத்தார். அரசர் மாதத்தை மாற்றினார், வீதியின் பெயர் மாறவில்லை. ஏறத்தாழ 400 ஆண்டுகளாக ஒரு அரசாணையின் அடையாளம் தெருப் பலகையில் நிற்கிறது. ஒரு தலைநகரம் என்ன செய்யும் என்று கேட்டால், இதைத்தான் செய்யும்: ஜனங்களின் காலண்டரையே நகர்த்தும்.

வெளி வீதி என்றால் என்ன? கோட்டைக்கு வெளியே உள்ள வீதி. அப்படியானால் கோட்டை எங்கே? உங்கள் காலுக்குக் கீழே. நாயக்கர் காலக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் என்பது மரபு. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், கண்டமனூர் எல்லாம் அந்தப் பாளையங்களின் பட்டியலில் உள்ளவை. அதாவது, நம்ம ஊர் ஜமீன்களின் ஆட்கள் ஒரு காலத்தில் இந்தச் சுவரில் காவல் நின்றிருக்கிறார்கள். 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் நெரிசலில் மூச்சு முட்டுகிறது என்று கோட்டையை இடிக்க முடிவெடுத்தார். இடிக்கக் காசு இல்லை. யார் சுவரை உடைத்து அகழியைத் தூர்க்கிறார்களோ, இடம் அவர்களுக்கே என்று அறிவித்தார். அப்புறம் என்ன? சுவர் காணாமல் போய்விட்டது. வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனபோது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கியிருப்பீர்கள். அந்தப் பெருமாள்தான் இவர்.

கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேற்குக் கோட்டை வாசலின் ஒரு துண்டு நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் ஓரமாகத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அதைவிடப் பழையது, கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் விட்டவாசல். பாண்டியர் கோட்டையின் வாசல் என்று சொல்லப்படுவது. இடிக்காமல் 'விட்ட' வாசல், அதனால் அந்தப் பெயர். அம்மன் சன்னதிக்கு எதிரே கிழக்கு நோக்கி நடந்தால் கண்ணில் படும். அடியில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டே இருக்கும்.

கோயில்: பன்னிரண்டரைக்குள்

மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரெண்டு நடைமுறை விஷயங்கள் மட்டும். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 2018-லிருந்து செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். போனைக் கொடுத்துவிட்டுப் போவது நல்லதுதான் என்பது என் கருத்து. அண்ணாந்து பார்க்க அப்போதுதான் கழுத்துக்கு நேரம் கிடைக்கிறது.

கோயிலையும் காலவரிசையில் படிக்கலாம். கிழக்குக் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. எல்லோரும் போட்டோ எடுக்கிற, எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரம் 1559-ல் எழுந்தது. ரெண்டுக்கும் நடுவில் 1330-களிலிருந்து சுமார் 40 ஆண்டுகள் மதுரை சுல்தான்களின் தலைநகரமாகவும் இருந்தது. ஊர்சுற்றி இபின் பதூதா வந்து பார்த்தது அந்த மதுரையைத்தான்.

உள்ளே ஆயிரங்கால் மண்டபத்துக்கு மறக்காமல் போங்கள். பெயருக்கு ஆயிரம், எண்ணினால் 985 தூண்கள். வாசலில் குதிரையின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் அரியநாத முதலியார், மண்டபத்தைக் கட்டியவர். விசுவநாத நாயக்கரின் தளவாய். பாளையப்பட்டு முறையை அமைத்தவரும் இவரே. போடிக்காரர்களும் கண்டமனூர்க்காரர்களும் இவரை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். உங்கள் ஊரின் 200 ஆண்டு அரசியல் இந்தக் குதிரைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் ஆரம்பித்தது.

வெளியே வந்தால் கிழக்குக் கோபுரத்துக்கு நேரெதிரே புதுமண்டபம். பெயர்தான் புது. திருமலை நாயக்கர் கட்டியது, 124 தூண்கள், நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள். சில ஆண்டுகள் முன்புவரை இதற்குள் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் நிறைந்திருந்தன. நம்ம ஊர்க் கோயில்களுக்குச் சாமி உடுப்பும் குடையும் தொம்பையும் தைக்க இங்கேதான் வருவார்கள். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகுதான் தூண்களுக்கு முகம் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. தையல் மெஷின் சத்தம் இல்லாத மண்டபம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். அதற்கும் கிழக்கே மொட்டையாக நிற்கிறது ராயகோபுரம். அடித்தளத்தின் அகலத்தைப் பாருங்கள். முடித்திருந்தால் தெற்குக் கோபுரம் சின்னதாகத் தெரிந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் கடைப் பெயர் சொல்லப்போவதில்லை. கோயிலைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் கிடைக்கும். ஒன்று மட்டும்: சாப்பிட்ட கையோடு ஜிகர்தண்டாவைத் தொடாதீர்கள். சாயங்காலத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் மஹாலில் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவீர்கள்.

அரண்மனையில் கால்வாசிதான் மிச்சம்

திருமலை நாயக்கர் 1623-ல் பட்டத்துக்கு வந்தவர். அப்போது நாயக்கர்களின் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. அதை மீண்டும் மதுரைக்குக் கொண்டுவந்து, 1636-ல் கட்டிய அரண்மனைதான் இந்த மஹால். உள்ளே நுழைந்ததும் வரும் முற்றத்தையும் சொர்க்க விலாசத்தையும் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவு இல்லை. நாம் பார்ப்பது மொத்தத்தில் கால்வாசிதான். மீதி எங்கே?

பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்கு மாற்றியபோது, அரண்மனையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே புது அரண்மனை கட்டுவதற்காக மரத்தையும் கல்லையும் நகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு மாறும்போது ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இது அதன் ராஜ வடிவம். மிஞ்சியதும் இடிந்து விழும் நிலையில் இருந்தபோது, 1866-லிருந்து 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு சரிசெய்ய வைத்தார். பிறகு நெடுங்காலம் இங்கே கோர்ட் நடந்தது. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா ஆடியதும் இங்கேதான் என்பதால் இளசுகளுக்கு இந்தத் தூண்கள் வேறு வழியில் பழக்கம். மொத்தம் 248 தூண்கள் என்பது கணக்கு. கல்லைவிடச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் இங்கே பேசும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சு என்று சொல்வார்கள். தொட்டால் வழுக்கும். தொட்டதோடு நிறுத்திக்கொள்ளவும். 'ஐ லவ் யூ' எழுதியவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

இப்போது நான் கேட்டுக்கொள்ளும் ஒரே விஷயம். மஹாலைப் பார்த்துவிட்டு அப்படியே ஆட்டோ ஏறிவிடாதீர்கள். விளக்குத்தூண் பக்கம் நடந்து வாருங்கள். (அந்த விளக்குத்தூணே கோட்டையை இடித்த பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான்.) அங்கே பத்துத்தூண் சந்து என்றால் யாரும் காட்டுவார்கள். உங்களுக்கே தெரிந்திருக்கும். கல்யாணத்துக்குச் சேலை, ஊர்த் திருவிழாவுக்குக் கட்டு வேட்டி, கடைக்கு மொத்த ஜவுளி எடுக்க வந்த அதே சந்து. மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிக்கும் மின்கம்பிக்கும் நடுவில், தலைக்கு மேலே எதையும் தாங்காமல், ரெண்டு வரிசையாகப் பத்து ராட்சசத் தூண்கள் நிற்கும். அவை திருமலை நாயக்கரின் அரண்மனைத் தூண்கள்.

ஒருமுறை மனசுக்குள் அளந்து பாருங்கள். மஹால் எங்கே இருக்கிறது, இந்தச் சந்து எங்கே இருக்கிறது? நடுவில் எத்தனை தெரு, எத்தனை வீடு? அத்தனையும் அரண்மனை. காணாமல் போன முக்கால்வாசியின் அளவு, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சொர்க்க விலாசத்தில் தெரியாது. ஓசியில் நிற்கிற இந்தச் சந்தில்தான் தெரியும். எத்தனை முறை இந்தத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே பேரம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரிக்காகக் காத்திருந்திருப்பீர்கள்!

சாயங்காலம், நம்ம தண்ணீர்

வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு ஒரு டவுன் பஸ். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம், நடுவில் மைய மண்டபம், தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழா. பல ஆண்டுகள் இது கிரிக்கெட் கிரவுண்டாகத்தான் இருந்தது. சமீப ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியே வைகைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு குளம் மறுபடி குளமாகியிருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து ஜிகர்தண்டாவோ பருத்திப்பாலோ குடிக்கிற இடம் இதுதான்.

உட்கார்ந்திருக்கும்போது யோசிக்க ஒரு விஷயம். இந்தத் தண்ணீர் வருசநாட்டில் ஊறி, நம்ம சுருளியாறும் கொட்டகுடி ஆறும் சேர்ந்து, 1959-ல் திறந்த வைகை அணையில் தங்கி வந்தது. 1895-லிருந்து பென்னிகுவிக் புண்ணியத்தில் பெரியாற்றுத் தண்ணீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து அதில் கலக்கிறது. தலைநகரம் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தது. இன்றும் அப்படித்தான். லோயர் கேம்பிலிருந்து குழாய் போட்டு மதுரைக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, ஆற்றில் விட்டுக் கொண்டுபோனால் ஆகாதா என்று கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயிகள் எதிர்த்தது நினைவிருக்கும். இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த ஆற்றை நம்பி இருக்கிறது. மதுரையின் தாகமும் பொய் இல்லை. பாண்டியன் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்து கரை அடைத்த உறவு, இப்போது குழாய்க் கணக்கில் வந்து நிற்கிறது. தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து பார்க்கும்போது ரெண்டு பக்கமும் புரிகிறது, முடிவுதான் தெரியவில்லை.

இருட்டும் முன் ஆரப்பாளையம் திரும்பிவிடுங்கள். கம்பம், குமுளி பஸ்கள் இரவிலும் உண்டு. ஆனால் முகூர்த்த நாளில் உட்கார இடம் கிடைக்காது.

ஒரு நாளில் விட்டுப்போனவை இருக்கின்றன. கோரிப்பாளையம் தர்கா, தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி மியூசியம், 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீடு, திருப்பரங்குன்றத்துக் குடைவரை. கீழடி மியூசியம் 2023-ல் திறந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அவசரமாகப் பார்த்தால் பானை ஓடுதான் தெரியும்.

ரெண்டாவது முறை போவதாக இருந்தால் சித்திரையில் போகலாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் நமக்கு ஒரு தர்மசங்கடம். சித்ரா பௌர்ணமியை ஒட்டி மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். அவருக்காக வைகை அணையில் நம்ம பக்கம்தான் மதகைத் திறப்பார்கள். அதே பௌர்ணமியில்தான், மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோரமாகவே மேற்கே நடந்து வந்த கண்ணகிக்கு, கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் கோயில் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடி வழியாக நடந்தும் கூட்டம் ஏறும். மதுரையில் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகியை எந்த நாளும் பார்க்கலாம். மலையில் அந்த ஒரு நாள்தான், அதுவும் பகலில் மட்டும். ஆறா, மலையா என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.